முட்டுக்காட்டில் துருப்பிடித்த இரும்பும் பூசாத கான்கிரீட்டும்: வீடு தாங்குமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உப்பங்கழிக்கும் நடுவே முக்கால் ஏக்கர் இடத்தில் வீடு கட்டப்போகிறீர்கள். கணவன், மனைவி, எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. பெயின்ட் அடிக்காத கான்கிரீட், துரு நிறத்தில் கார்ட்டன் ஸ்டீல் (மேலே பிடிக்கும் துருவையே காப்பாக வைத்துக்கொள்ளும் இரும்பு) சுவர், வெயிலில் நரைத்த மரம், தண்ணீரைப் பார்த்துத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. "வீடு எங்களோடு சேர்ந்து வயதாக வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கார்ட்டன் அங்கே தாங்குமா என்பது கடைசிக் கேள்வி.

தாங்காது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, ஒரு வீட்டில் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் இணைத்திருக்கும் படங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் ஏரிக்கரை வீடுகள், குளிர்நாட்டு வீடுகள். கார்ட்டன் பிறந்த இடமும் அதுதான். 1933இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் கொஞ்சம் சேர்த்துக் கொண்டுவந்த இரும்பு அது. முதலில் ரயில் சரக்குப் பெட்டிகளுக்குப் போனது. கட்டடத்துக்கு அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர். இல்லினாய் மாநிலம் மொலீனில் 1964இல் திறந்த ஜான் டீர் டிராக்டர் நிறுவனத் தலைமையகம் இன்றும் அழகாக நிற்கிறது. அதுவும் தண்ணீர் ஓரம்தான், ஆனால் நன்னீர்க் குளம். இதே இரும்பை வைத்து அட்லான்டாவில் 1972இல் ஆம்னி என்று ஒரு விளையாட்டரங்கம் கட்டினார்கள். அங்கே கடலே கிடையாது, காற்றில் ஈரப்பதம் மட்டும் அதிகம். துரு நிற்கவேயில்லை, தகட்டில் ஓட்டை விழுந்தது. 1997இல் அரங்கத்தை இடித்துவிட்டார்கள்.

காரணம் எளிது. கார்ட்டனின் துரு ஒரு தோல் மாதிரி. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால்தான் அந்தத் தோல் இறுகி உள்ளிருக்கும் இரும்பை மூடும். உப்பு அதைக் காயவிடாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேல்தோல் இறுகாமல் ஏடு ஏடாக உரிந்துகொண்டே போகும். கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இந்த இரும்பைப் பிரிட்டனில் பாலம் கட்டுகிறவர்கள் பொதுவாகத் தொடுவதில்லை. உங்கள் மனைக்கும் அலைக்கும் நடுவே நீங்கள் சொன்ன கணக்கில் 600 மீட்டர்தான்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழை படும் இடத்தைவிட மழை படாத இடம்தான் சீக்கிரம் கெடும். கூரை நீட்டலுக்கு அடியில், கதவு நிலைக்கு மேல், பால்கனியின் அடிப்பகுதியில் உப்பு வந்து படியும், கழுவிவிட ஆள் இருக்காது. நம் ஊரில் ஜனவரியிலிருந்து மே வரை மழையே பெரிதாக இல்லை. ஐந்து மாத உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

என் கதை இதுதான். பல வருஷங்களுக்கு முன்பு, உங்கள் இடத்துக்குத் தெற்கே ஒரு வீட்டுக்குக் கிழக்கு வாசலில் கார்ட்டன் தடுப்பு வைத்தேன். முதல் வருஷம் எல்லோரும் புகைப்படம் எடுத்தார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் வாசலில் போட்டிருந்த வெளிர்நிறக் கல்லில் ஆரஞ்சுக் கோடுகள் இறங்கின. ஆசிட் போட்டுத் தேய்த்தால் கல்தான் போனது. நான்காம் வருஷம் தகட்டின் கீழ் ஓரத்தை விரலால் கிள்ளி எடுக்க முடிந்தது. வீட்டம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்தல். என் செலவில் கழற்றி எடுத்துவந்தேன்.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கடலோரத்தில் வயதாவது வேறு, கெட்டுப்போவது வேறு. இரும்பு வெளியே தெரிந்தாலும் உள்ளே மறைந்திருந்தாலும் அந்தப் பொருள் கெடும். இரும்பே இல்லாத பொருள் வயதாகும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் உங்கள் மனையிலிருந்து அரை மணி நேரப் பயணம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. சிங்கங்களின் முகம் மழுங்கிவிட்டது, நந்திகள் உருண்டைக் கல்லாகிக்கொண்டிருக்கின்றன. கல்லில் ஏறிய உப்பை இழுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பி எடுக்கிறது. ஆனால் கோயில் நிற்கிறது. கல்லின் மேல் கல், நடுவே கம்பி இல்லை. நம் கடற்கரையில் ஓடிய மசூலாப் படகும் இதே புத்திதான்: பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், ஆணி கிடையாது. அலை அடிக்கும்போது நெளிந்துகொடுக்கும், துருப்பிடிக்க ஒன்றுமில்லை.

ஆகவே கார்ட்டனின் அந்தச் செம்பழுப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் செம்புரைக்கல்லைப் பாருங்கள். லேட்டரைட் என்கிறார்களே, அது. மலபாரின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன்தான் செங்கல் என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, 1807இல் வெளியான தன் நூலில், அந்தப் பெயரை வைத்தார். வெட்டும்போது மண்வெட்டிக்கே இடம் கொடுக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். வெளியே கிடந்தால் உறுதியாகும் பொருள், உங்கள் ஆசைக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. கண்ணூர், காசர்கோடு பக்கமிருந்து லாரியில் வரவேண்டும், போக்குவரத்துச் செலவு கூடும். எடை அதிகமான கல்லாகப் பொறுக்குங்கள், கையில் எடுத்தால் பொடி உதிரும் கல்லைத் திருப்பி அனுப்புங்கள். அடியில் மூன்றடிக்குக் கருங்கல், அதன்மேல் ஈரம் ஏறாத தடுப்பு, பிறகுதான் செம்புரைக்கல். இல்லையென்றால் மண்ணிலிருக்கும் உப்புத்தண்ணீர் சுவரில் ஏறிக் கல்லை உள்ளிருந்து பொடியாக்கும். இணைப்புக்குச் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பு. உப்பு வெளியே வரும்போது சுண்ணாம்பு உதிரும், கல் தப்பிக்கும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த இணைப்பை மட்டும் புதுப்பித்தால் போதும். நில அதிர்வுக்காகப் போடும் கான்கிரீட் பட்டைகளைக் கல்லுக்குப் பின்னால் மறைத்துவிடலாம்.

இனிக் கான்கிரீட். இதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பூசாத கான்கிரீட் என்றால் கல் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். அது கல் இல்லை, கம்பியை மூடியிருக்கும் போர்வை. உப்பு மெதுவாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். அந்த வீக்கத்தில்தான் கடலோர அடுக்கு வீடுகளின் பால்கனி அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. பூச்சு இருக்கும் வீட்டில் அது ஒரு கூடுதல் சட்டை. நீங்கள் அந்தச் சட்டையும் வேண்டாம் என்கிறீர்கள்.

ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை கடலோரக் காற்றைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மறைப்பு. அலைத் துளியே நேராக வந்து விழும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். உங்களுக்கு இரண்டாவதையே எழுதச் சொல்வேன், பூச்சு இல்லாததால். எந்த மேஸ்திரியும் பழக்கத்தில் 20, 25 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியை அச்சுப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) கொண்டுவருவார், இல்லையென்றால் ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுப்பார். ஸ்லாப்பின் மேல்கம்பியை ஆட்கள் மிதித்து அமுக்கிவிடுவார்கள். கான்கிரீட் போடும் அன்று காலை நீங்களே ஒரு அளவுகோலோடு போய் நில்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சிமென்ட் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை நம் பக்கம் வேரூன்றியிருக்கிறது: கடலோரமா, சல்ஃபேட் தாங்கும் சிமென்ட் வாங்கு என்று. அது மண்ணிலிருக்கும் சல்ஃபேட்டுக்கு. கம்பியைத் தின்பது குளோரைடு. குளோரைடைப் பிடித்துவைக்கும் ஒரு சேர்மத்தைத்தான் அந்தச் சிமென்ட்டில் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்தான் இங்கே பொருத்தம். கான்கிரீட்டை இறுக்கமாக்கி உப்பின் வழியை அடைக்கும். கொஞ்சம் மெதுவாக இறுகும், அதனால் கியூரிங்கை, அதாவது தண்ணீர் விட்டு நனைத்து வைப்பதை, கூடுதல் நாள் செய்ய வேண்டும். அந்தக் கியூரிங் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது அதே தரநிலை. சாலைக்கும் கழிக்கும் நடுவே போட்ட போர்வெல் அதைத் தாண்டினால் ஆச்சரியமில்லை. சோதித்துவிட்டு, தேவையென்றால் லாரித் தண்ணீர்.

அழகைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. படத்தில் தெரியும் வெண்சாம்பல் நிறம் இங்கே நிற்காது. நம் மழையில் பாசி பிடித்துக் கறுப்புத் தாரை இறங்கும். அதைத் தவிர்க்க முடியாது, எங்கே இறங்கட்டும் என்று முடிவுசெய்ய மட்டும் முடியும். கைப்பிடிச் சுவரின் மேல்பகுதியை உள்பக்கம் சரித்துவிடுங்கள். நீட்டிய ஸ்லாப் ஒவ்வொன்றின் அடியிலும் ஓரத்துக்குச் சற்று உள்ளே, தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்படி, சொட்டுக்கால்வாய் வெட்டுங்கள். கான்கிரீட் வார்க்கும் அச்சுக்கு (ஷட்டரிங்) வழவழப்பான ஃபிலிம் ப்ளை வேண்டாம், அதில் ஒவ்வொரு தேன்கூட்டு ஓட்டையும் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். ரம்பத்தில் அறுத்த பலகை வைத்துப் போட்டால் மர ரேகை பதியும், பாசி அதில் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஊறித் தண்ணீரை விலக்கும் சைலேன் திரவத்தை அடிக்கலாம், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

என் யோசனை: கான்கிரீட்டைத் தூணுக்கும் கூரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், சுவர் முழுக்க வேண்டாம்.

கடலோரத்தில் பூசாத கான்கிரீட் நன்றாக வயதாகுமா என்று சந்தேகம் வந்தால் புதுச்சேரியில் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பாருங்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. பின்னாளில் மரவேலைக்குப் பேர்போன ஜார்ஜ் நகாஷிமா இளைஞராக 1937இல் வந்து மேற்பார்வை பார்த்தார். இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று, கடலிலிருந்து சில தெரு தள்ளி. வடக்கும் தெற்கும் முழுக்கத் திறந்து மூடும் கிடைப்பலகைகள், கண்ணாடி ஜன்னலே இல்லை. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சறுக்குக் கதவு, கீழே கடப்பா கல். அது எண்பது வருஷமாக நிற்பதற்குப் பொறியியல் பாதிக் காரணம். மீதி, அங்கே தினமும் யாரோ துடைக்கிறார்கள். பராமரிப்பே தேவைப்படாத பொருள் என்று விற்பனையாளர் யாராவது சொன்னால் அவரை இந்தக் கட்டடத்துக்கு அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டுக்கு வருஷந்தோறும் கட்டுமானச் செலவில் ஒன்றரை, இரண்டு சதவீதம் ஒதுக்கிவையுங்கள் என்று சொல்வேன். இது என் அனுபவக் கணக்குதான்.

மரத்துக்கு வருவோம். தேக்கைச் சும்மா விட்டால் ஓரிரு வருஷத்தில் வெள்ளி நரை வரும். வெயில் மேல்தோலில் மரநாரைப் பிணைத்திருக்கும் லிக்னினை உடைக்க, மழை கழுவிவிட, சாம்பல் நார் மிஞ்சும். மயிரிழைக் கனத்துக்குத்தான், உள்ளே மரம் அப்படியே இருக்கும். பாலியூரித்தேன், மெலமைன் எதுவும் வெளிப்பக்கம் பூசாதீர்கள். இரண்டு கோடையில் பாம்புச்சட்டையாக உரியும், பிறகு சுரண்டுவதற்கு ஆள் தேட வேண்டும். நரைக்கவிடுங்கள், அல்லது வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய். ஒரே கதவில் மழை படும் பாதி நரைத்தும் படாத பாதி பழுப்பாகவும் இருக்கும், அதை ரசிக்க முடியுமா என்று வீட்டில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஆணி பட்டால் தேக்கு கறுக்கும். எல்லாத் திருகும் 316 வகை ஸ்டெயின்லெஸ், கடையில் கொடுக்கும் 304 தேநீர்க் கறை மாதிரி பழுப்பாகும். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் கனமான பித்தளை. கோல்கொண்டேயில் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் அவற்றை வார்த்தார்கள். மாடிப்படி, கொட்டகைக்குப் பனங்கை வைரம் பாய்ந்ததாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

இரும்பு இல்லாமலே முடியாத இடத்தில் கனமாகச் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததை, பெயின்ட் இல்லாமல், மங்கிய சாம்பல் நிறத்திலேயே விடுங்கள். ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில் சுமார் 85 மைக்ரான் பூச்சு ஏறும். சி5 என்று வகைப்படுத்தும் கடலோரக் காற்றில் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் கரையும். பத்து முதல் இருபது வருஷம் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். பூச்சு ஏற்றியபின் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள்.

உங்கள் மனையின் விசித்திரம் என்னவென்றால், தண்ணீர் மேற்கே, உப்பு கிழக்கே. அலை உடையும் இடத்தில்தான் உப்புத்துளி காற்றில் ஏறுகிறது, கழி அமைதியானது. அதனால் சாலைப் பக்கம் கல்முகம், தண்ணீர்ப் பக்கம் மரமுகம் என்று பிரியுங்கள். நடுவில் முற்றம். மதியம் கொண்டல்காற்று கிழக்கிலிருந்து வந்து வீட்டைத் துளைத்துக் கழிப்பக்கம் வெளியேறும், அதற்குக் கிழக்குச் சுவரில் காற்று புகும் துளைகளோடு ஜாலி வேண்டும். சாலையோரம் புன்னையும் பூவரசும் நெருக்கமாக நடுங்கள். நெய்தல் நிலத்துக்குப் புன்னையைச் சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை, அது உப்பைத் தாங்கும், இலையில் கொஞ்சம் பிடித்தும் வைக்கும்.

மேற்கே முழுக் கண்ணாடி என்பதை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். மூன்று மணி வெயில் தாழ வரும், கூரை நீட்டல் அதைத் தடுக்காது. அதே வெயில் தண்ணீரில் பட்டு இரண்டாம் முறையும் உள்ளே வரும். பத்தடி ஆழத் தாழ்வாரம், அதன் விளிம்பில் மடக்கும் மரச் சட்டக் கதவுகள். ஐந்தரைக்குத் திறந்துவிட்டால் அலையின் வெளிச்சம் உட்கூரையில் ஆடும். அந்தக் காட்சிக்காகத்தானே இடம் வாங்கினீர்கள்? கண்ணாடி வைக்கும் இடத்தில், உடைந்தாலும் சிதறாத ஒட்டுக் கண்ணாடி. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னைக் கடற்கரை வீடுகள் எப்படியிருந்தன என்று யாரையும் கேட்கலாம்.

குடும்பத்துக்கான விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா அறை வாசல் மட்டத்திலேயே, சரிவுப் பாதையோடு. 2004 சுனாமியிலும் 2015 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கோவளம் மீனவர்களிடம் கேட்டுவிட்டுத் தளமட்டத்தை முடிவுசெய்யுங்கள். படத்திலிருக்கும் கிடைக்கம்பிக் கைப்பிடி நான்கு வயதுக் குழந்தைக்கு ஏணி, நேர்க்கம்பி போடுங்கள். தாழ்வாரத்தில் மெருகிடாத கடப்பா, உள்ளே ரெட் ஆக்சைடு தரை. மணல் கழுவ வெளியே ஒரு குழாய். அலமாரிக் கதவெல்லாம் காற்றோடும் சட்டமாக, இல்லையேல் பட்டுப் புடவையில் பூஞ்சை. ஏசியின் வெளிப்பெட்டிகளைக் கடற்காற்று நேராக அடிக்காத மறைவில் வைத்து மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இதையெல்லாம்விட முந்தியது ஒன்று: கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. அலைநீர் ஏறி இறங்கும் கழிக்கரையும் அதில் அடங்கும், கடல் மட்டுமில்லை. உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது, உயர் அலைக் கோடு எங்கே என்று எழுத்தில் வாங்காமல் வரைபடம் போட வேண்டாம். தரகர் வாய்மொழி போதாது. கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரியில் வெடிவைத்து இடித்தார்களே, அந்த வழக்கும் கழிக்கரையில் இதே விதியை மீறியதுதான்.

அந்த அனுமதிக்கு எப்படியும் மாதங்கள் ஆகும். அதை வீணாக்காதீர்கள். உங்கள் பக்கத்திலேயே தட்சிணசித்ரா இருக்கிறது. கேரளத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய மர வீடுகள் இதே காற்றில் எப்படி நரைத்திருக்கின்றன என்று பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். பிறகு மனையின் கிழக்கு ஓரத்தில் இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, ஒரு செம்புரைக்கல், ஒரு தேக்குப் பலகை, துத்தநாகம் முக்கிய பட்டை, 304, 316 திருகு ஒவ்வொன்று, பலகை அச்சோடு வார்த்த கான்கிரீட் துண்டு ஒன்று என்று கட்டித் தொங்கவிடுங்கள். மேற்கு ஓரத்தில் அதே வரிசை இன்னொன்று. மாதம் ஒரு படம். கார்ட்டனிலும் ஒரு துண்டு மாட்டுங்கள், அதன் கீழே மட்டும் ஒரு வெள்ளை டைல் வையுங்கள்.